குடிபெயரும் ஊரை நம் மூச்சும் தேர்ந்தெடுக்கட்டும்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் புறப்படும் விமானங்களில், பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கிவரச் செல்லும் பெற்றோர் பலரைக் காணலாம். அவர்களுள் சிலர் பயணத்திற்கு முன்பு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவதுண்டு. ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவரும் அவ்வாறே மகனுடன் வந்தார். அவருக்குப் பல ஆண்டுகளாக ஆஸ்துமா உண்டு. கோலாலம்பூரில் பணிபுரியும் மகன், தாயை நிரந்தரமாகத் தம்முடன் வைத்துக்கொள்ள விரும்பினார். வீட்டு வாடகை, அருகிலுள்ள கோயில், நம்மூர் மளிகைக் கடை, மருத்துவக் காப்பீடு என அனைத்தையும் விசாரித்து வைத்திருந்தார். “அங்கே காற்று எப்படி?” என்று கேட்டேன். “பச்சைப் பசேலென்ற ஊர், டாக்டர்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால், மரங்கள் நிறைந்த ஊரில் எல்லா மாதங்களிலும் நல்ல காற்று வீசும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சுமத்ராவிலும் களிமந்தானிலும் வறண்ட காலத்தில் காடுகளும் கரிச்சேற்று நிலங்களும் எரியும்போது, ஜூன் முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்று அந்தப் புகையை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவருகிறது. 1997, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் இப்புகைமூட்டம் கடுமையாக இருந்தது. 2013 ஜூன் மாதத்தில் மலேசியாவின் மூவார் பகுதியில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் சிங்கப்பூரில் பள்ளிகள் ஒரு நாள் மூடப்பட்டன. வேறு சில ஆண்டுகளிலோ, புகை ஏறத்தாழ வரவேயில்லை. ஆகவே ‘அந்த நாடு நல்லது, இந்த நாடு கெட்டது’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க இயலாது.

என் கருத்து இதுதான். ஒரு குடும்பம் வெளிநாட்டில் குடியேற முடிவெடுக்கும்போது, அந்த வீட்டில் எவருடைய நுரையீரலும் இதயமும் மிகவும் நலிந்தவையோ, அவரை மனத்தில் வைத்தே ஊரையும் வீட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முப்பது வயது மகனுக்கு இருமலோடு போய்விடும் ஒரு வாரப் புகை, தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடக்கூடும்.

காரணம் எளிது. புகையிலுள்ள பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்கள் தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவானவை. மூக்கும் தொண்டையும் அவற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. அவை நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. ஆஸ்துமாவும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோயும் தீவிரமடைவதோடு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்தும் கூடுகிறது.

இந்த நுண்துகளின் ஆண்டுச் சராசரி, ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இந்தியாவின் தேசியத் தர அளவு 40. ஊர்களை ஒப்பிடும்போது பலரும் தவறுவது இங்கேதான். பல நாடுகள் தமக்கெனத் தனித்தனிக் காற்றுத் தரக் குறியீட்டை வைத்திருக்கின்றன. ஒரு நாளின் சராசரி 60 மைக்ரோகிராமாக இருந்தால், இந்தியக் குறியீடு 100 எனக் காட்டும். அது ‘திருப்திகரம்’ என்ற பிரிவின் மேல் எல்லை. அதே காற்றை அமெரிக்கக் குறியீடு 150க்கு மேல் வைத்து, ‘உடல்நலத்திற்குக் கேடு’ என்று எச்சரிக்கும். ஆகவே கைப்பேசிச் செயலி காட்டும் குறியீட்டு எண்ணை விடுத்து, மைக்ரோகிராம் கணக்கையே ஒப்பிடுங்கள்.

ஆண்டுச் சராசரி மட்டும் போதாது, மாதவாரியாகவும் பாருங்கள். தாய்லாந்தின் சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரியும் புகை சூழ்கிறது. டெல்லி, டாக்கா, ஹனோய் நகரங்களில் குளிர்காலம் கடினமானது. வளைகுடா நாடுகளில் கோடைக்காலத் தூசிக்காற்று உண்டு. ஊரை மாற்ற இயலாதவர்கள்கூட, பெற்றோரை அழைத்துச் செல்லும் மாதத்தை மாற்றிக்கொள்ளலாம்.

“அங்கே பல லட்சம் பேர் வாழவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. “வேலை கிடைத்த ஊருக்குத்தானே போக முடியும்?” என்பவர்களும் உண்டு. இரண்டும் நியாயமான கேள்விகளே. பிள்ளைகளைப் பிரிந்து தனிமையில் வாடுவதும் முதியவரின் உடல்நலத்திற்குக் கேடுதான். எனவே போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. பார்த்துப் போங்கள் என்றே சொல்கிறேன். நம் ஊர்க் காற்றையும் குறையற்றது என்று எண்ணிவிட வேண்டாம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே இருந்தாலும், வாகனப் புகை, போகிப் புகை, தீபாவளிப் புகை ஆகியவற்றிலிருந்து ஸ்ரீரங்கம் தப்பவில்லை.

வீட்டைத் தேர்ந்தெடுக்கையில் நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடத்தைத் தவிருங்கள். நோயாளி உறங்கும் ஓர் அறையையாவது சன்னல்களை இறுக மூடக்கூடியதாக அமைத்து, ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பானை வையுங்கள். மூடிய அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். அவையும் நுண்துகள்களையே வெளியிடுகின்றன. புகைமூட்ட நாட்களில் வெளியே செல்ல நேர்ந்தால் என்95 முகக்கவசம் அணியுங்கள்; துணிக் கவசம் பயன்படாது.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் காணுங்கள். இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறீர்களா என்று சோதித்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல் கூடினால் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எப்போது மருத்துவமனைக்கு விரைவது என்பதை எழுதி வாங்குங்கள். மருந்துச்சீட்டில் வேதிப்பெயர் இருக்கட்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சில மருந்துகளைக் கொண்டுசெல்ல அந்நாட்டின் முன் அனுமதி தேவைப்படலாம். காற்று நன்றாக இருக்கிறதே என்று தினசரி இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்த அம்மையாரின் குடும்பம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. முதல் முறை நவம்பரில் சென்று சில மாதங்கள் மட்டும் தங்கிப் பார்ப்பது. நிரந்தரமாகக் குடியேறுவதை அதன் பிறகு முடிவு செய்வது. “அப்படியானால் சித்திரைத் தேருக்கு வந்துவிடுவேன்” என்று அவர் மகிழ்ந்தார். மகனோ, பார்த்து வைத்திருந்த வீடு பிரதான சாலையிலிருந்து எவ்வளவு தொலைவு என்று கைப்பேசியில் தேடத் தொடங்கினார். வீடு பார்க்கும் ஒவ்வொரு குடும்பமும் அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.