எட்டாம் வகுப்போடு முடியும் உரிமை

பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்தைக் கடந்து செல்லும் நம்மில் பலருக்கு, அங்குள்ள புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் 2012-ஆம் ஆண்டுவாக்கில் மியான்மாரின் ரோஹிங்கியா அகதிக் குடும்பங்கள் சில தங்கவைக்கப்பட்டது தெரியாது. பழைய பொருள்களைச் சேகரித்து விற்பதே அவர்களில் பலருடைய பிழைப்பு. பிள்ளைகள் உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்ந்து, நம் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசக் கற்றுக்கொண்டார்கள். இது சிறிய காரியமல்ல.

ஆனால் தொடக்கப் பள்ளியைத் தாண்டியபின் என்ன? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள 'ஒவ்வொரு குழந்தைக்கும்' என்கிறது; குடியுரிமை கேட்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எல்லாம் எட்டாம் வகுப்பு வரைதான். குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயதைக் கடந்தவரை ஆபத்தில்லாத வேலைகளில் அமர்த்த அனுமதிக்கிறது. படிக்கும் உரிமை முடிகிற வயதிலேயே கூலி வேலைக்குக் கதவு திறக்கிறது! ஏழை அகதித் தகப்பன் எந்தப் பக்கம் பார்ப்பான்? உலக அளவிலும் அகதிப் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் நால்வரே உயர்நிலைக் கல்வியில் இருப்பதாக ஐ.நா. அகதிகள் ஆணையம் கூறுகிறது.

தமிழகத்திற்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. 1983-க்குப் பின் வந்த இலங்கைத் தமிழ் அகதிகளின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படித்தார்கள். 1984-இல் திரு. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் இளைஞர்களைக் கொண்டே மாலை வகுப்புகள் நடத்தியது. முகாமில் பிறந்து பட்டம் பெற்றவர்கள் ஏராளம். அவர்களுக்கு மொழி நம் மொழி, உறவு நம் உறவு என்பது உண்மையே. ரோஹிங்கியா பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. ஒன்பதாம் வகுப்பு அறிவியலைச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. ஆகவே மாலை வகுப்பு இவர்களுக்குத்தான் அதிகம் தேவை. அருகிலுள்ள கல்லூரி மாணவர் இருவர் வாரம் மூன்று நாள் வந்தால் போதும்.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ரோஹிங்கியா குழந்தைகள் முதலில் அரசுப் பள்ளிகளை அணுகட்டும், மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்திற்குச் செல்லலாம் என்றது. சட்டத்தின் வயது வரம்பு இன்னும் 14-தான்.