முயல் மகிழ்கிறதா, அஞ்சுகிறதா?



சென்ற பெருநாள் விடுமுறையில், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையிலுள்ள பெருநகருக்கு, என் தங்கையின் இல்லம் சென்றிருந்தேன். அங்கே வெள்ளை முயலொன்று வளர்கிறது. தங்கையின் மகள் அதனை மடியில் மல்லாத்தி, வயிற்றை வருடியவாறே, "பெரியம்மா, பாருங்கள்! எவ்வளவு சுகமாக உறங்குகிறது!" என்று பூரித்தாள். முயலோ விழித்த கண்களுடன் அசைவற்றுக் கிடந்தது.

அது உறக்கமன்று; அச்சம். பகைவிலங்கின் பிடியில் சிக்கிய முயல் செத்ததுபோல் கிடக்கும். மல்லாத்தும்போது அதற்கு நேர்வதும் அதுவே. நாயைப் போல் குரைக்கவோ, பூனையைப் போல் கத்தவோ அறியாத பிராணி அது. அதன் மௌனத்தை நாம் சம்மதமென்று எண்ணிவிடுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவள்தான்.

அப்படியானால் அதன் மகிழ்ச்சியை எவ்வாறு அறிவது? நெற்றியையும், கன்னங்களையும், காதுகளின் அடியையும் மெதுவாக வருடிப் பாருங்கள். இன்பமுறும் முயல் தலையைத் தரையோடு தாழ்த்தும், உடல் தளரும், கண்கள் பாதி மூடும். கன்னத்தில் விரல் வைத்தால் பற்கள் மெல்ல உரசும் அதிர்வு தெரியும். பூனையின் உறுமலுக்கு ஒப்பானது இது. ஆனால் பற்களைக் கறகறவென்று உரக்க நெரித்தபடி கூனிக் குறுகி அமர்ந்திருந்தால், அது வலி. கூடவே தீவனத்தையும் தொடாமல் அரைநாள் கிடந்தால், காலம் தாழ்த்தாது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

காதுகளை முதுகோடு ஒட்ட வைத்து உடலை இறுக்குவதும், பின்காலால் தரையை அறைவதும், உறுமுவதும் விருப்பமின்மையின் அடையாளங்கள். மூக்குக்கு நேர் எதிரே கையை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் கண்கள் அமைந்த முயலுக்கு அவ்விடம் தெரியாது, திடுக்கிடும். வயிற்றையும் பாதங்களையும் வாலையும் தொடுவதைப் பெரும்பாலான முயல்கள் விரும்புவதில்லை. தூக்குவதோ இன்னும் ஆபத்து. திமிறி உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக் கூடிய மெல்லிய எலும்பு அதற்கு.

நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. சித்திரை வெயிலில் முயல் நீட்டிப் படுத்தால், உடனே 'சுகமாக இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். வியர்வையால் உடலைத் தணித்துக்கொள்ள இயலாத பிராணி அது. காதுகளின் வழியே வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூச்சு இரைத்து, காதுகள் சுட்டால், அது வெப்பத்தில் துவள்கிறது. கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் முயல் வளர்ப்பது குளிர்ந்த காற்றில். நாம் வளர்ப்பதோ தகரக் கூரையின் கீழ்!

இன்னொன்று: ஏரிக்கரையிலும் கொல்லையிலும் ஓடும் முயலைப் பிடித்து வந்து பழக்க எண்ணாதீர்கள். அது வேறு இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைப் பிடிப்பது குற்றமுங்கூட.

தங்கை மகளுக்கு ஓர் எளிய சோதனையைக் கற்றுக்கொடுத்தேன். தரையில் அமர்ந்துகொள், முயல் தானே வரட்டும், நான்கைந்து விநாடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிடு. தலையைக் கைக்கு அடியில் நுழைத்து முட்டினால், இன்னும் வருடு. விலகிச் சென்றால் விட்டுவிடு. "போகட்டும் என்று விடுவதா? அது என் முயலாயிற்றே!" என்று அவள் முகம் வாடிற்று. முதல் இரண்டு நாள்கள் முயல் அவள் பக்கமே வரவில்லை, பிள்ளை அழுதேவிட்டாள்.

நான் ஊர் திரும்பிய மறுவாரம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். முயல் வந்து, பிள்ளையின் காற்பெருவிரலில் தன் தாடையைத் தேய்த்துவிட்டுப் போயிற்றாம். அதற்கென்ன பொருள் என்று கேட்டாள். முயலின் தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி உண்டு. தனக்குரியவற்றின்மீது அதனைத் தேய்த்து அடையாளமிடும் என்றேன். "அப்படியென்றால் நான் அதற்குச் சொந்தமா?" என்று பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது.