கூண்டைக் கழுவாமல் கடையைக் கழுவி என்ன பயன்?

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்து ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். உடனே மாநிலமெங்கும் உணவகங்களில் சோதனை நடந்தது. அது தேவைதான். அந்தக் கறி எங்கே கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் கோழி மொத்த வியாபாரிகளாகிய நாம், இது கடைக்காரர் பாடு என்று ஒதுங்கிவிட முடியாது.

சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கோழியின் குடலிலேயே இருப்பவை. கோழி பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாகவே தெரியும். கூண்டில் நெருக்கி அடைத்து லாரியில் ஏற்றினால், மிரட்சியிலும் வெக்கையிலும் எச்சம் அதிகமாகும். மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டுக் கோழிகளின் இறகில் விழும். கழுவாத கூண்டு மறுநாள் இன்னொரு பண்ணைக்குள் நுழையும். பிறகு கடையில் ஒரே வெந்நீரில் கோழிகளை மாற்றி மாற்றி முக்கும்போதும், குடல் கிழியும்போதும், ஒரு கோழியின் கிருமி எல்லாக் கறிக்கும் பரவும்.

ஒளிக்காமல் சொல்கிறோம்: நாமும் பல வருடம் கூண்டின்மேல் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி அனுப்பியவர்கள்தான். காய்ந்த எச்சம் கம்பியிடுக்கில் அப்படியே இருக்கும். கேட்டால், லாரிக்கு நேரமாகிவிட்டது என்போம்.

எடை விஷயமும் உண்டு. அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்த வேண்டும். பயண நேரமும் இதில் அடங்கும். பிடிக்கும்வரை தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். இரைப்பை நிறையத் தீனியோடு எடை போட்டால் பண்ணைக்கு லாபம். தீனிக்கும் கோழி விலை கொடுப்பவர் நாம். அறுக்கும்போது அசுத்தப்படுவது கறி.

ஆகவே நம் சங்கம் மூன்று காரியங்களை முடிவு செய்ய வேண்டும். லாரி இறக்கும் இடத்தில் பொதுச் செலவில் கூண்டு கழுவும் மேடை. சோப்பு நீரில் தேய்த்து, கிருமிநாசினி தெளித்து, காய்ந்த பிறகே கூண்டு திரும்ப வேண்டும். தீனி நிறுத்திய நேரத்தைப் பண்ணைச் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். கறியை 5 டிகிரிக்குள் வைக்கச் சில்லறைக் கடைக்காரர்களுக்கு ஐஸ் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

செலவு கூடும் என்பீர்கள். கூடத்தான் செய்யும். ஆனால் ஒரு குழந்தையின் சாவுச் செய்தி வந்தால் வாரக்கணக்கில் கோழி வாங்க ஆளிருக்காது. அந்த நஷ்டத்தையாவது எழுதி வைக்கலாம். போன உயிரை எந்தக் கணக்கில் எழுதுவது?