காட்டிக்கொடுத்தவளின் கணக்கு

தொழிற்சங்கத்தைப் பற்றிய படங்களில் காட்டிக்கொடுப்பவருக்கு ஒரே வேலைதான்: நாம் வெறுப்பதற்குத் தோதாக நிற்பது. கென் லோச் இயக்கி 2000-இல் வெளிவந்த ‘பிரெட் அண்ட் ரோசஸ்’ படத்தில் அது நடப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் அலுவலகக் கட்டடங்களை இரவில் துப்புரவு செய்யும் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் சங்கம் சேரப் போராடும் கதை அது. போராட்டத்தில் இறங்கியவர்களை நிர்வாகத்திடம் காட்டிக்கொடுப்பவள் ரோசா. கதாநாயகி மாயாவின் சொந்த அக்கா.

மாயா கொதித்துப்போய் கேட்கிறாள். துணிக்கு இஸ்திரி போட்டபடியே ரோசா சொல்லும் பதில்தான் படத்தின் உயிர். எல்லை நகரமான திஹுவானாவில் உடலை விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பியவள் அவள். அதில் சாப்பிட்டவர்கள் யாரும் அந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்டதில்லை. மாயாவுக்கு இந்த வேலை கிடைத்ததுகூட மேற்பார்வையாளன் பெரெஸுக்கு ரோசா இணங்கியதால்தான். இப்போது கணவன் சர்க்கரை நோயில் கிடக்கிறான். இத்தனை காலமும் தனியாகவே சுமந்தவளிடம் திடீரென்று ‘எல்லோரும் ஒன்றாக நிற்போம்’ என்றால் அவள் எதை நம்பி நிற்பாள்? ரோசா செய்தது தவறுதான். ஆனால், அவளைத் தூற்ற எனக்கு நா எழவில்லை.

இந்தத் தொழிலாளர்களின் பலவீனம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கதைக்கு வெளியே, நிஜத்தில், 1980-களில் லாஸ் ஏஞ்சலிஸின் கட்டட உரிமையாளர்கள் துப்புரவுப் பணியை ஒப்பந்த நிறுவனங்களிடம் தள்ளிவிட்டார்கள். சங்கத்தில் இருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் போய், ஆவணமற்ற மத்திய அமெரிக்கர்களும் மெக்சிகர்களும் குறைந்த கூலிக்கு வந்தார்கள். ஒப்பந்ததாரரிடம் கூலி உயர்வு கேட்டால், உரிமையாளர் வேறொரு ஒப்பந்ததாரரை அமர்த்திக்கொள்வார். அதனால்தான் படத்துக்கு அடிப்படையான ‘துப்புரவாளர்களுக்கு நீதி’ என்ற சங்க இயக்கம் ஒப்பந்ததாரரோடு நிற்காமல் கட்டட உரிமையாளரையும் அங்கே வாடகைக்கு இருந்த பெரிய நிறுவனங்களையும் தெருவில் வைத்துக் கேள்வி கேட்டது. 1990 ஜூன் 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் செஞ்சுரி சிட்டியில் அமைதியாக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்து நொறுக்கியது. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடியது; சில வாரங்களில் அங்கே துப்புரவு ஒப்பந்தம் எடுத்திருந்த ஐஎஸ்எஸ் என்ற டென்மார்க் நிறுவனம் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. கலிஃபோர்னியாவில் மட்டும் அடங்காமல் ஜூன் 15 இன்று துப்புரவாளர்களின் நாளாக நினைவுகூரப்படுகிறது.

படத்தில் குறை உண்டு. சங்க அமைப்பாளர் சாமாக வரும் ஏட்ரியன் பிராடிக்கும் மாயாவுக்கும் இடையிலான காதல் ஒட்டவில்லை. சாமின் துடுக்குத்தனத்துக்கு வேலையை இழந்து விலை கொடுப்பவர்கள் தொழிலாளர்கள்தான். அதைப் படம் தொட்டுக்காட்டுகிறது, இன்னும் அழுத்தியிருக்கலாம். ஆனால் உண்மையான துப்புரவாளர்களையும் சங்க அமைப்பாளர்களையும் நடிக்க வைத்த லோச், வெற்றியைப் பொய்யாக இனிக்கச் செய்யவில்லை. கோரிக்கை நிறைவேறுகிறது, மாயா நாடு கடத்தப்படுகிறாள்.

சங்கம் கட்டும் தோழர்களே, இந்தப் படத்தை மாயாவுக்காகப் பார்ப்பதைவிட ரோசாவுக்காகப் பாருங்கள். கூட்டத்துக்கு வராதவரை கருங்காலி என்று எழுதிவைக்கும் முன், அவர் வீட்டில் யாருக்கு நோய், எவ்வளவு கடன், மேற்பார்வையாளன் அவரை எதைக் காட்டி மிரட்டுகிறான் என்று போய்க் கேளுங்கள்.