பள்ளிக்கூடமும் ஒரு முதலாளிதான்



நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அரசாங்கம் நியமித்த ஆசிரியர்கள் மட்டும் பணிபுரிவதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கமோ பள்ளி மேலாளர் வாரியமோ தன் செலவில் பாலர் வகுப்பு ஆசிரியை, காவலாளி, துப்புரவுப் பணியாளர் ஆகியோரை அமர்த்துவதும் உண்டு. இவர்களுக்குச் சேமநிதியும் (இ.பி.எப்.) சொக்சோவும் கட்டப்படுகின்றனவா? கூட்டங்களில் கட்டட நிதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்தக் கேள்வியை எழுப்புவோர் மிகக் குறைவு!

கேட்டால் வரும் மறுமொழி நமக்குப் பழக்கமானதே. "இது தமிழுக்குச் செய்யும் சேவை. நாங்கள் தருவது சம்பளமன்று, ஊக்கத்தொகை." சேவை உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால், நேரம் குறித்து வரச் சொல்லி, வேலையைப் பணித்து, மாதந்தோறும் பணம் தருபவர் எவராயினும் சட்டத்தின் பார்வையில் அவர் முதலாளியே. 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டப்படி, மேலதிக நேர ஊதியம், பயணப்படி போன்ற சில நீங்கலாக, அலவன்சும் சம்பளக் கணக்கில் சேரும். பகுதிநேரப் பணியாளருக்கும் தகுதி உண்டு. முதலாளி ஏழு நாள்களுக்குள் சேமநிதி வாரியத்திலும் முப்பது நாள்களுக்குள் சொக்சோவிலும் பதிந்துகொள்ள வேண்டும். சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

சில வேளைகளில் பணியாளரே, "பிடித்தம் வேண்டாம், முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். வீட்டு வாடகையும் பிள்ளையின் வேன் கட்டணமும் அவரை அப்படிப் பேச வைக்கின்றன. குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்டில் ஊழியரின் பங்கு 187 ரிங்கிட், முதலாளியின் பங்கு 221 ரிங்கிட். ஆக, 187ஐக் கையில் வாங்கிக்கொள்வதற்காக மாதம் 408 ரிங்கிட் சேமிப்பை இழக்கிறார். பத்தாண்டுகளில் இலாப ஈவு சேராமலேயே அது 48,960 ரிங்கிட் ஆகும். மேலும், இவ்வுரிமையை விட்டுக்கொடுக்க ஊழியருக்குச் சட்டம் இடமளிக்கவில்லை. "அவரே வேண்டாம் என்றார்" என்பது முதலாளியைக் காப்பாற்றாது.

சேமநிதியைவிட என்னை அதிகம் கவலையுறச் செய்வது சொக்சோ. பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து தீவுக்கு வேலைக்கு வரும் பெற்றோர் எத்தனை பேர்! வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. இனி உழைக்கவே இயலாதபடி நோய் வந்தால் இயலாமை ஓய்வூதியமும், சிறுநீரகம் செயலிழந்த தகுதியுள்ள சந்தாதாரருக்கு இரத்தச் சுத்திகரிப்பு உதவியும் கிடைக்கும். ஆனால், அந்த ஓய்வூதியத்தை முழுமையாகப் பெற, விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். நோய் வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்து பயனில்லை. பதியாமல் கழித்த மாதங்களின் விலையை அந்தக் குடும்பமே கொடுக்கும். தந்தை படுத்துவிட்ட வீட்டுப் பிள்ளையின் வருகைப் பதிவேடு எப்படி மாறும் என்பதை ஆசிரியர்கள் நாம் அறிவோம்.

பெற்றோர்களே, சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்படுவதை மட்டும் நம்பாதீர்கள். சேமநிதியின் ஐ-அக்காவுன் செயலியில் மாதச் சந்தா வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். ஊழியரின் பங்கைப் பிடித்துக்கொண்டு வாரியத்தில் கட்டாத முதலாளிக்கு ஆறாண்டுவரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். பார்க்கும்போதே வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அடுத்த பொதுக்கூட்டத்தின் கணக்கறிக்கையில் "பணியாளர் சேமநிதி, சொக்சோ" என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டுகிறேன். அந்த வரியில் எண் இல்லாவிட்டால் பொருளாளர் எழுந்து காரணம் சொல்லட்டும். பணம் போதவில்லை என்பது காரணமானால், விளையாட்டுப் போட்டிக்கு நன்கொடை திரட்டும் நாம் இதற்கும் திரட்டலாமே?