விறைப்பு வீரமன்று

அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டை வழியாக ஹற்றனுக்கு ஏறும் பெருவீதியில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. மழைக்குப் பெயர்ந்த குழிகளும் எதிர்ப்படும். காரைப் பந்தய வண்டியாக்க எண்ணி, விறைப்பான சுருள்வில்லைப் பூட்டும் இளைஞர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம்.

மேடுபள்ளத்தில் விறைத்த வில் எளிதில் அமுங்காது; சக்கரம் துள்ளும். தரையை விட்ட ரயருக்குப் பிடிப்பு ஏது? வில் மிக இளகினாலோ வளைவில் வண்டி சாயும். பின் என்ன வழி? 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான் என்னும் இலேசான விளையாட்டுக் காரில் கொலின் சப்மன் மென்மையான வில்லையே அமைத்தார். அதன் ஊசலை அடக்கும் பொறுப்பைத் தக்க அதிர்வுதாங்கிகளிடம் விட்டார். சுகமும் கிட்டிற்று, பிடிப்பும் நிலைத்தது.

ஆகவே, வில்லை மாற்றுமுன் தேய்ந்த அதிர்வுதாங்கிகளையும் இறப்பர் புஷ்களையும் மாற்றிப் பாருங்கள். பின்னாசனத்துப் பாட்டியும் வாழ்த்துவார்.