வலசை வரும் பறவை வயலுக்குப் பகையா?

கேள்வி: புரட்டாசி பிறந்ததிலிருந்து நேரடி விதைப்பு வயலில் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. பயிர் திட்டுத் திட்டாகக் காலியாகிறது. நெல்லில் குருணை மருந்து கலந்து வரப்பில் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்: வைக்கவே கூடாது. கார்போபியூரான் போன்ற குருணை மருந்து கலந்த நெல், தின்ற பறவையோடு நிற்காது. செத்த பறவையைத் தின்னும் நாயும் பருந்தும் சாகும். வரப்பில் மேயும் வீட்டுக் கோழிக்கும் அதே கதிதான். விழுந்து கிடக்கும் பறவையை எடுத்துச் சமைத்தால் குடும்பத்துக்கே ஆபத்து. விஷம் வைத்துக் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான். சிறைத் தண்டனை உண்டு.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் வரப்பில் அசையாமல் உட்கார்ந்து, வந்திருப்பது எந்தப் பறவை, எதைக் கொத்துகிறது என்று இரண்டு நாள் பாருங்கள். பழி சரியான இடத்தில் விழும்.

யார் வருகிறார்கள்?

வடக்கே குளிர் இறுகும்போது பறவைகள் தெற்கே கிளம்புகின்றன. ஆவணி கடைசியிலேயே உள்ளான் வகைகள் கோடியக்கரைச் சேற்றுக்கும் உப்பளங்களுக்கும் வந்துவிடும். இவற்றில் கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம்தான். அது சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. ஐப்பசி மழையோடு வாத்துகள் பெருகும். பூநாரைகளும் திரளும். பங்குனிக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும்.

நன்மை செய்பவை

மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், பறக்கும் பூச்சிகளையே பிடித்துத் தின்கிறது. வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் வாலாட்டி, வரப்புப் பூச்சிகளைப் பொறுக்குகிறது. நீண்ட அலகைச் சேற்றில் குத்தி எடுக்கும் உள்ளான் தேடுவது புழுவை, நெல்லை அல்ல. பயிருக்கு மேலே தாழ்வாக மிதந்து வரும் பூனைப்பருந்துக்கு எலியும் தத்துக்கிளியும் இரை. இவை எல்லாமே வலசை வருபவை. கூலி கேட்காத ஆட்கள்.

தொல்லை தருபவை

வலசை வருபவற்றில் நெல் வயலுக்குத் தொல்லை தருவது வாத்து வகைதான். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை பகலில் ஏரியிலும் கழியிலும் ஓய்ந்திருந்து, இரவில் தண்ணீர் நிற்கும் வயலில் இறங்கி விதையைத் தின்னும். பகலில் வயலில் நிற்கும் பறவை மேல் பழி விழுவது இதனால்தான். தண்டை வெட்டிப் போடும் நீலத் தாழைக்கோழியும், கதிரில் தொங்கும் தூக்கணாங்குருவியும் சில்லையும் இங்கேயே வாழ்பவை. வெளியூர் விருந்தாளி அல்ல.

என்ன செய்யலாம்?

1. விதை முளைத்து வேர் பிடிக்கும் வரை, மழை இடம் கொடுத்தால், இரவில் வயலில் தண்ணீர் தேங்காமல் வடித்துவிடுங்கள். வாத்து இறங்குவது குறையும்.

2. புழுதி விதைப்பில் விதை வெளியே தெரியாமல் மண்ணால் மூடுங்கள்.

3. சிவப்பும் வெள்ளியுமான மினுக்கு நாடாவை முறுக்கிக் கட்டுங்கள். காற்றில் ஓசையும் ஒளியும் வரும். ஒரே இடத்தில் விட்டால் பறவை பழகிவிடும்; சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

4. ஒரே மடையில் பாயும் வயல்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் விதைத்தால், சேதம் ஒருவர் தலையில் மட்டும் விழாது.

5. வளர்ச்சிப் பருவத்தில் பூச்சி தின்னும் பறவைகள் உட்கார ஏக்கருக்கு 15 முதல் 20 வரை ‘T’ வடிவக் குச்சி நடலாம். கதிர் பால் பிடிக்கும்போது மறக்காமல் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில்லைக்கு ஆசனம் போட்டதாகிவிடும்.

பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்

கோடியக்கரை 1967-இல் சரணாலயம் ஆனது. 2002-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகளின் காலில் வளையமிட்டு வழித்தடம் அறியும் பணி பல பத்தாண்டுகளாக அங்கே நடக்கிறது. வேதாரண்யத்திலிருந்து சிறிது தூரம்தான். ஐப்பசி முதல் தை வரை நல்ல காலம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, சத்தம் போடாமல், கூட்டத்தைக் கலைக்காமல் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரைச் சலித்துத் தின்னும் பூநாரையைப் பார்த்த பிள்ளை, பறவையைக் கவண் கொண்டு அடிக்காது.

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பறவை வந்தது, எந்த வயலில் இறங்கியது, என்ன தின்றது என்று எழுதி வைத்தால், அடுத்த வருடம் எந்த வாரம் இரவுக் காவல் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.